"தேவனைத் தேடுகிறவன் இல்லை": அப்பாவின் நினைவு ஜெபத்தில் கேட்ட வசனம்

காசிமேட்டுப் பையன்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இதுவரை இங்கே படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

அப்பா இந்த வருஷம் தடைக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் இறந்துபோனார். முப்பது வருஷத்துக்கு மேல் விசைப்படகில் கூலிக்குப் போனவர். பத்துப் பன்னிரண்டு நாள் கடலில் தங்கித் திரும்புவார், கரையில் இருக்கும் நாட்களில் குடிப்பார். அம்மா சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), ஒரு ஞாயிறு தவறமாட்டார். அப்பா கோயிலுக்குள் வந்து நான் பார்த்ததே இல்லை. என் கல்யாணத்துக்குக்கூட வாசல் வரைதான்.

நாற்பதாம் நாள் வீட்டில் ஜெபம் வைத்தோம். வந்திருந்த ஒரு பிரசங்கியார் ரோமர் 3:11ஐ வாசித்தார். "உணர்வுள்ளவன் இல்லை, தேவனைத் தேடுகிறவன் இல்லை." பிறகு அப்பாவின் படத்தைப் பார்த்து, இந்த மனுஷனும் தேடவில்லை, தெரிந்துகொள்ளப்படாதவன் (இரட்சிப்புக்கென்று கடவுள் தேர்ந்தெடுக்காதவன்) எப்படித் தேடுவான் என்று சொன்னார். அம்மா எதிரே உட்கார்ந்திருந்தார்.

அதற்கப்புறம் அம்மா கோயிலுக்குப் போகவில்லை. நான் வற்புறுத்தியபோது ஒன்றுதான் கேட்டார். "அவரைத் தேடவிடாம வெச்சதே கடவுள்தான்னா, நான் யார்கிட்ட போய் அழுவேன்?"

மனிதன் தானாகக் கடவுளைத் தேட முடியுமா? முடியாதென்றால், தேடாததற்கு அவனை எப்படிக் குற்றவாளி ஆக்குவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அம்மாவுக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.

வியாசை சகோ:
பிரதர், படித்ததும் நெஞ்சு கனத்துவிட்டது. அம்மாவுக்காக இன்றைக்கே ஜெபிக்கிறோம்.

பதில் நேரடியானது. "கர்த்தரைக் கண்டடையத்தக்க சமயத்தில் அவரைத் தேடுங்கள்" என்று ஏசாயா 55:6 சொல்கிறது. தேடுங்கள், கண்டடைவீர்கள் என்று இயேசுவே சொன்னார். முடியாத காரியத்தைச் செய் என்று தகப்பன் பிள்ளையிடம் சொல்வானா? தேட முடியும் என்பதால்தான் கட்டளை இருக்கிறது. நான் வியாசர்பாடியில் போதையில் கிடந்தவன். ஒரு ராத்திரி நானாகத்தான் முழங்கால் போட்டேன். யாரும் என்னைக் கட்டி இழுக்கவில்லை.

சீர்திருத்த வழி:
காசிமேட்டுத் தம்பி, அந்தப் பிரசங்கியார் நிற்கும் பக்கத்தில்தான் நானும் நிற்கிறேன், அதாவது யார் இரட்சிக்கப்படுவார் என்பதைக் கடவுளே முன்னதாகத் தேர்ந்துகொள்கிறார் என்கிற கால்வின் வழி. அதனால் முதலில் உங்கள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அந்த வீட்டில் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வியாசை சகோவுக்கு: கட்டளை இருந்தால் திறனும் இருக்க வேண்டும் என்பது எராஸ்மஸ் என்ற அறிஞர் 1524இல் வைத்த வாதம். அடுத்த வருஷமே லூத்தர் அதற்குப் பதில் எழுதினார். நம்மால் முடியாது என்பதை நமக்கு உணர்த்தவும் கட்டளை வரலாம் என்றார். எபேசியர் 2:1 நம்மை "மரித்தவர்களாயிருந்த" என்கிறது. செத்தவன் தேடமாட்டான். யோவான் 6:44ம் அதையேதான் சொல்கிறது: "என்னை அனுப்பின பிதா ஒருவனை இழுத்துக்கொள்ளாவிட்டால் அவன் என்னிடத்தில் வரமாட்டான்." அந்த ராத்திரி நீங்களாக முழங்கால் போட்டதாகச் சொல்கிறீர்கள். முழங்கால் போட வேண்டும் என்ற ஆசை எங்கிருந்து வந்தது? அதற்கு முந்தின ராத்திரி ஏன் வரவில்லை?

இனி அந்தப் பிரசங்கியாரின் தவறு. எங்கள் நிலைப்பாட்டின் முக்கியமான ஆவணம் 1618–19இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்தின் தீர்மானங்கள். அவற்றில் மூன்றாம் நான்காம் தலைப்புகளை ஒன்றாகச் சேர்த்த பகுதியில் பதினைந்தாவது பிரிவைப் பாருங்கள். இன்னும் அழைக்கப்படாதவர்களுக்காக, இல்லாதவைகளை இருக்கிறவைகளைப்போல் அழைக்கிற தேவனிடம் ஜெபிக்க வேண்டும், அவர்களைவிட நாம் மேலானவர்கள் என்று பெருமை கொள்ளவே கூடாது என்று அது சொல்கிறது. இன்னார் தெரிந்துகொள்ளப்படவில்லை என்று ஒரு மனிதரின் பெயரைச் சொல்லி அறிவிக்கும் உரிமையை டார்ட் யாருக்கும் கொடுக்கவில்லை. கடைசி மூச்சில் அந்த மனிதருக்குள் நடந்ததைப் பக்கத்தில் இருந்தவர்களே அறியமாட்டார்கள். நாற்பதாம் நாள் வந்தவர் எப்படி அறிவார்?

வியாசை சகோ:
முந்தின ராத்திரி நான் மனதைக் கடினப்படுத்திக்கொண்டு இருந்தேன் பிரதர், அதனால்தான். அது என் குற்றம். அதையும் கடவுள் தலையில் போட்டால் என் மனந்திரும்புதலுக்கு என்ன அர்த்தம்? "எத்தனை தரமோ மனதாயிருந்தேன், உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று" என்று எருசலேமைப் பார்த்துப் புலம்பிய இயேசு நடிக்கவா செய்தார்?

சீர்திருத்த வழி:
நடிக்கவில்லை. நான் அப்படிச் சொல்லவும் இல்லை. ஆனால் ஒரே பிரசங்கத்தை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேர் கேட்கிறார்கள், ஒருவன் ஏற்கிறான், இன்னொருவன் எழுந்து போகிறான். இருவருக்கும் ஒரே அளவு கிருபைதான் என்றால், வித்தியாசம் அந்த மனிதனிடமிருந்து வருகிறது. அப்போது அவன் மேன்மை பாராட்ட இடம் கிடைக்கிறதே. 1 கொரிந்தியர் 4:7, பெற்றுக்கொள்ளாதது எதுவும் உன்னிடம் உண்டா என்று கேட்கிறது. ஆதித் திருச்சபையின் பெரிய போதகர் அகஸ்டினுடைய மனதைத் திருப்பியதும் இந்த வசனம்தான். விசுவாசம் நம்மிடமிருந்து வருகிறது என்றுதான் அவர் முதலில் எழுதினார். பிறகு அது தவறு என்று தாமே ஒப்புக்கொண்டார்.

தண்டையார்பேட்டை டீச்சர்:
நான் ஓய்வு பெற்ற தமிழ் ஆசிரியை. பிறந்து வளர்ந்தது மெதடிஸ்ட் குடும்பத்தில். இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். நீங்கள் எதைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள் என்பதே தெளிவாகவில்லை.

கிருபை இல்லாமல் மனிதன் தானாகவே கடவுளைத் தேடுவான் என்று, கால்வின் வழியின் முன்குறித்தலை மறுத்த டச்சு இறையியலாளர் ஆர்மீனியஸ் சொன்னதாகப் பலர் நினைக்கிறார்கள். அவர் சொல்லவில்லை. அவர் 1609இல் இறந்தார், மறு வருஷம் அவருடைய ஆட்கள் ஐந்து அம்ச மனு ஒன்று கொடுத்தார்கள். அதில் மூன்றாவது அம்சமே, மனிதன் தன் சுயசித்தத்தின் பலத்தால் இரட்சிப்பை அடைய முடியாது என்பதுதான். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியும் அப்படியே. 1784இல் அமெரிக்க மெதடிஸ்டுகளுக்காக ஆங்கிலிகன் சபையின் 39 விசுவாசப் பிரிவுகளை அவர் 24 ஆகச் சுருக்கினார். முன்குறித்தலைப் பற்றிய, அதாவது கடவுள் முன்னதாகவே தேர்ந்துகொள்வதைப் பற்றிய 17ஆம் பிரிவை எடுத்துவிட்டார். சுயசித்தத்தைப் பற்றிய 10ஆம் பிரிவை வைத்துக்கொண்டார். கடவுளுடைய கிருபை நமக்கு முன்னே செல்லாமல் நம்மால் அவரிடம் திரும்ப முடியாது என்கிற பிரிவு அது.

ஆக, தானாக முடியுமா என்ற கேள்விக்கு இரண்டு பக்கமும் முடியாது என்றே சொல்கிறது. பிரச்சினை அடுத்த படியில்தான். அந்த முந்திச் செல்லும் கிருபை எல்லாருக்கும் வருகிறதா, சிலருக்கு மட்டுமா? வந்தால் அதைத் தள்ளிவிட முடியுமா? வெஸ்லி எல்லாருக்கும் வருகிறது, தள்ளவும் முடியும் என்றார். பிலிப்பியர் 2:12, 13ஐ அவர் விளக்கும் விதம் எனக்குப் பிடிக்கும். கடவுள் உனக்குள் வேலை செய்கிறார், ஆகவே உன்னால் முடியும். கடவுள் வேலை செய்கிறார், ஆகவே நீ செய்தே ஆக வேண்டும்.

மேன்மை பாராட்டுவதைப் பற்றி ஒன்று. பிச்சைக்காரன் கையை நீட்டித்தான் காசை வாங்குகிறான், அதனால் அது தானம் இல்லை என்று ஆகிவிடுமா என்று ஆர்மீனியஸ் கேட்டார். மூலக்கொத்தளம் பாலத்தின் கீழே கைநீட்டுகிற எவனும் இது நான் சம்பாதித்தது என்று சொல்லி நான் கேட்டதில்லை.

நம் சி.எஸ்.ஐ. 27.9.1947 அன்று செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் உருவானபோது கால்வின் வழியில் வந்த பிரஸ்பிட்டேரியன்கள், வெஸ்லி வழியில் வந்த மெதடிஸ்டுகள், ஆங்கிலிகன்கள், காங்கிரிகேஷனல் சபையார் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். இந்தக் கேள்விக்கு யாரும் விடை கண்டுபிடித்துவிட்டு அங்கே வரவில்லை. காசிமேட்டுத் தம்பி, உன் அம்மா போகிற கோயிலே அப்படி உருவானதுதான்.

பழைய வண்ணை:
நான் இடையில் வரலாமா? வைணவக் குடும்பத்தில் பிறந்தவள், கல்யாணத்துக்குப் பிறகு சபைக்கு வந்தேன். இதைப் படிக்கும்போது என் தாத்தாவின் குரல்தான் காதில் விழுகிறது. நாங்கள் தென்கலை. பூனைக்குட்டி ஒன்றும் செய்யாது, தாய்தான் வாயில் கவ்விக்கொண்டு போகும். பகவான் நம்மைக் காப்பது அப்படி என்பது எங்கள் பக்கம். குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது வடகலைக்காரர்கள் பக்கம். ரோமரையும் யோவானையும் முதல்முறை படித்தபோது, வீட்டுத் திண்ணையில் நடந்த வழக்கு இங்கேயும் நடக்கிறதே என்று அசந்துபோனேன்.

இரண்டு மதமும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. கவ்வுகிற பூனையாக இருந்தாலும் சுமக்கிற குரங்காக இருந்தாலும், குட்டியைத் தூக்கி எறிகிற தாயைப் பற்றி என் தாத்தா ஒரு நாளும் பேசியதில்லை. அந்த அம்மாவிடம் அன்றைக்குப் பேசப்பட்டது அப்படி ஒரு தாயைப் பற்றித்தான்.

ராயப்பர் கோவில் தெரு:
டீச்சர் சொன்னது சரி. இது லூத்தர் காலத்துச் சபைச் சீர்திருத்தத்துக்கு ஆயிரம் வருஷம் முந்திய வழக்கு என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான் கத்தோலிக்கன், எங்கள் பக்கத்தில் கிருபையை அருள் என்போம்.

மனிதன் தன் முயற்சியாலேயே நல்லவனாக வாழ முடியும் என்ற பெலாஜியுஸின் போதனையை 418இல் கார்த்தேஜ் சங்கம் மறுத்தது. பிறகு தெற்குப் பிரான்சில் துறவிகள் நடுவழி ஒன்று தேடினார்கள். அவர்களில் ஜான் காசியான் எழுதியது எனக்கு முக்கியமாகப் படுகிறது. சிலரைக் கடவுள் அவர்கள் நினைக்காதபோதே இழுக்கிறார், பவுலையும் மத்தேயுவையும் போல. சிலரிடம் விருப்பம் முதலில் எழுகிறது, சகேயுவையும் சிலுவையில் தொங்கிய கள்வனையும் போல. இது காசியானின் வாதம். 529இல் ஒராஞ்சு நகரில் கூடிய சங்கம் அதை ஏற்கவில்லை. விசுவாசத்தின் முதல் துளிர்கூட அருளின் வேலை என்று தீர்மானித்தது. அதோடு நிற்கவில்லை. தீமைக்கென்று கடவுள் யாரையாவது முன்குறித்தார் என்று சொல்பவர்களை வெறுத்து ஒதுக்குகிறோம் என்றும் அதே சங்கம் எழுதியது.

தம்பி, உங்கள் வீட்டில் பேசிய மனிதர் ஒராஞ்சின் முதல் பாதியை வைத்துக்கொண்டு மறு பாதியைக் கிழித்துப் போட்டுவிட்டார்.

புரசை லூத்தரன்:
நாங்கள் திடப்படுத்தல் வகுப்பில் லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தை மனப்பாடம் செய்தவர்கள். என் சொந்தப் புத்தியினாலோ பலத்தினாலோ இயேசு கிறிஸ்துவை விசுவாசிக்கவோ அவரிடம் வரவோ என்னால் முடியாது, பரிசுத்த ஆவியானவர்தான் சுவிசேஷத்தினால் என்னை அழைத்தார் என்று அதில் வரும். லூத்தர் எழுதியது "என்னால்" என்றுதான். "அவனால்" என்று எழுதவில்லை. என்னைப் பற்றி நான் அறிக்கை செய்ய வேண்டியதை எடுத்து அடுத்தவனுக்குத் தீர்ப்பாகப் படித்தால், அது விசுவாச அறிக்கையாகவே இருக்காது.

தேடாததற்கு மனிதனை எப்படிக் குற்றவாளி ஆக்குவது என்ற தம்பியின் இரண்டாவது கேள்விக்கு, லூத்தரன் சபைகளான எங்களுடைய 1577 விசுவாச ஆவணம் (Formula of Concord) விடையை முழுதாகத் தரவில்லை. இரட்சிக்கப்பட்டவன் முழுக்கக் கடவுளாலே இரட்சிக்கப்பட்டான். கெட்டுப்போனவன் தன் எதிர்ப்பினாலே கெட்டுப்போனான், கடவுள் அவனைக் கெடுக்கவில்லை. இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்ற இடத்தில் அறிவை அடக்கு என்கிறது. சீர்திருத்த வழி அண்ணனுக்கு இது திருப்தி தராது என்று தெரியும்.

சீர்திருத்த வழி:
திருப்தி தரவில்லைதான். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், ஏன் ஒருவனுக்கு, ஏன் மற்றவனுக்கு இல்லை என்று என்னைக் கேட்டால் எனக்கும் பதில் கிடையாது. ரோமர் 9இல் பவுலே நிறுத்திக்கொண்ட இடம் அது. ஒன்றை மட்டும் விடமாட்டேன். இழுப்பது என்ற வார்த்தையை "அழைப்பு விடுப்பது" என்று மெலிதாக்காதீர்கள். யோவான் 6:44இல் இருக்கும் அதே கிரேக்க வினைச்சொல்தான் 21ஆம் அதிகாரத்தில் பேதுரு வலையைக் கரைக்கு இழுத்தான் என்ற இடத்திலும் வருகிறது. மீனிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை.

காசிமேட்டுப் பையன்:
அண்ணா, மன்னிக்கணும். வலையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

தாத்தா காலத்தில் எங்கள் பக்கம் கரைவலை இழுப்பார்கள், சின்ன வயதில் நானும் கயிறு பிடித்திருக்கிறேன். வெடுக்கென்று இழுத்தால் வலை கிழியும், இல்லையென்றால் அடிக்கயிறு தரையை விட்டுத் தூக்கிக்கொள்ளும், உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். இரண்டு பக்கக் கயிறும் ஒரே சீராக வர வேண்டும். அலை வரும்போது விட்டுக்கொடுத்து, அலை போகும்போது இழுக்க வேண்டும். மணிக்கணக்காகும். முரட்டுத்தனமாக இழுக்கிறவனைத் தாத்தா கயிற்றைவிட்டு விலக்கிவிடுவார். இழுப்பது என்றாலே வன்மையாக இழுப்பது என்று கரையில் யாரும் சொல்லமாட்டார்கள். பேதுரு 153 பெரிய மீன்களை இழுத்தும் வலை கிழியவில்லை என்று யோவான் தனியாக எழுதியிருக்கிறாரே, அது சும்மா எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை.

ராயப்பர் கோவில் தெரு:
இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பேதுருவைத்தான் எங்கள் பழைய தமிழில் இராயப்பர் என்போம். ராயபுரத்துக்கே அவரால்தான் அந்தப் பெயர் வந்தது என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். அங்கே அவர் பெயரில் இருக்கும் கோயில் கடல் தொழில் செய்தவர்கள் எழுப்பியது.

அகஸ்டினும் யோவான் 6:44க்கு இப்படித்தான் விளக்கம் சொன்னார். ஆட்டுக்குப் பச்சைத் தழையைக் காட்டினால் அது இழுபடுகிறது, பிள்ளைக்குக் கொட்டைப் பருப்பைக் காட்டினால் ஓடி வருகிறது. விருப்பத்தினாலேயே இழுக்கப்படுகிறது, உடம்பில் கயிறு கட்டி இல்லை.

சீர்திருத்த வழி:
ஏற்கிறேன். மனிதர்களை மரக்கட்டையாகவும் கல்லாகவும் கிருபை நடத்துவதில்லை என்று டார்ட்டும் சொல்கிறது, நான் மேலே காட்டிய பிரிவுக்கு அடுத்ததிலேயே. மீன் உதாரணத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. ஓசியா 11:4, "அன்பின் கயிறுகளால் நான் அவர்களை இழுத்தேன்." இதையே முதலில் எழுதியிருக்க வேண்டும்.

தண்டையார்பேட்டை டீச்சர்:
தமிழாசிரியை என்ற முறையில் ஒன்று சொல்லவேண்டும். மேலே அண்ணன் "வரமாட்டான்" என்று யோவான் 6:44ஐ எடுத்துப் போட்டார். அந்தப் பிரசங்கியார் காதிலும், நம் எல்லார் காதிலும் இன்றைக்கு அது "வர மறுக்கிறான்" என்றே விழும். "நான் வரமாட்டேன் போ" என்கிற மாட்டேன். பழைய தமிழில் மாட்டு என்றால் இயலுதல். மாட்டாதவன் என்றால் இயலாதவன், திராணி இல்லாதவன். மூலத்தில் இருப்பதும் "வர முடியாது" என்ற பொருள்தான். சந்தேகமாக இருந்தால் யோவான் 21:6ஐப் பாருங்கள். அத்தனை மீன் விழுந்ததால் சீஷர்கள் வலையை "இழுக்கமாட்டாதிருந்தார்கள்." அவர்கள் மறுத்தார்களா? தெம்பு போதவில்லை. அவ்வளவுதான்.

மனமில்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் நம் வேதாகமம் வேறு வார்த்தை போடுகிறது. யோவான் 5:40: "என்னிடத்தில் வர உங்களுக்கு மனதில்லை." வேதத்தை நன்றாகக் கற்ற யூதத் தலைவர்களைப் பார்த்துச் சொன்னது அது. கடலுக்குப் போய்க் களைத்து வந்த மனிதனைப் பார்த்துச் சொன்னது இல்லை.

மனமில்லாமை வேறு, மாட்டாமை வேறு. ஒரு மனிதனுக்குள் எது எவ்வளவு என்று பிரித்தெடுக்க நம்மிடம் தராசு கிடையாது. குடி என்பது மனமில்லாமையா மாட்டாமையா? என் சொந்தத் தம்பியைக் குடியில் பறிகொடுத்தேன். நாற்பது வருஷமாக யோசித்தும் என்னால் சொல்ல முடியவில்லை.

அப்புறம் சகேயு, இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய ஆயக்காரன். காசியான் அவனை எடுத்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. லூக்கா 19:3இல் அவன் இயேசுவைப் பார்க்க "வகைதேடினான்." பத்தாம் வசனத்தில் மனுஷகுமாரன் இழந்துபோனதைத் "தேடவும் இரட்சிக்கவும்" வந்தார். மூலத்திலும் இரண்டும் ஒரே வினைச்சொல். சகேயு தான் தேடுவதாக நினைத்துக்கொண்டு மரத்தில் ஏறினான். தன்னைத் தேடித்தான் ஒருவர் எரிகோவுக்குள் வந்துகொண்டிருக்கிறார் என்று அவனுக்குத் தெரியாது. எது முதல் என்று லூக்கா நிறுத்திப் பிரிக்கவில்லை. ஜனங்களுக்கு அவன் பாவியாகத்தான் தெரிந்தான். அவன் தேடியது மரத்துக்குக் கீழே நின்ற ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தது.

வியாசை சகோ:
டீச்சரம்மா, நான் நானாக முழங்கால் போட்டேன் என்று எழுதினேன். அந்த ராத்திரி எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு ஆயா சத்தமாக ஜெபித்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டுதான் கிடந்தேன். அதை எழுத விட்டுவிட்டேன். கட்டளைக்கு நான் கீழ்ப்படிந்தேன் என்பதிலிருந்து பின்வாங்கவில்லை. ஆனால் அந்தச் சத்தம் இல்லாவிட்டால் எழுந்திருப்பேனா என்று தெரியவில்லை.

காசிமேட்டுப் பையன்:
மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சங்கங்கள், வருஷங்கள் எதுவும் அம்மாவுக்கு நிற்கவில்லை. "இழுக்கமாட்டாதிருந்தார்கள்" வந்த இடத்தில் மட்டும் திரும்ப வாசிக்கச் சொன்னார். சகேயு கதை வந்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைக்கு நாங்கள் போகும் ஒவ்வொரு வருஷமும், கடலில் இல்லாத வருஷங்களில், அப்பா கோயிலுக்கு எதிரே பூட்டிய டீக்கடை வாசலில் நிற்பார். எங்களை வண்டியில் கூட்டிப்போக வந்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பன்னிரண்டரைக்கு வரச் சொன்னால் பத்தரைக்கே வந்துவிடுவார் என்று அம்மா சொன்னார். வெளியே ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். ஒரு தடவை அம்மா, உள்ளே வந்து உட்காரக் கூடாதா என்று கேட்டாராம். "இந்த வாயோட எப்பிடி வர்றது, இங்கேயே நல்லா கேக்குது" என்றாராம்.

இதை வைத்து நான் எதையும் நிரூபிக்க வரவில்லை. சீர்திருத்த வழி அண்ணன் சொன்னதுபோல உள்ளே நடந்தது எனக்குத் தெரியாது. அவர் தேடவில்லை என்று அந்தப் பிரசங்கியார் சொன்னதும் தெரியாமல் சொன்னதுதான் என்று மட்டும் இப்போது தெரிகிறது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அம்மா புடவை மாற்றிக்கொண்டு வந்து, வண்டியை எடு என்றார். எதிர்ப்பக்கம் டீக்கடையிடம் நிறுத்தச் சொல்லி அங்கே கொஞ்ச நேரம் நின்றார். பாட்டு தொடங்கிய பிறகுதான் உள்ளே போனார்.